டீச்சர் வீட்டு மோட்டாரும் நாலு முடிச்சும்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாக எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறார். சுற்றி முடித்த காயிலை வெள்ளை நூலால் இறுக்கி நாலு முடிச்சுப் போடுவார். கைப்பழக்கம். அறுந்த செருப்பு, உடைந்த குடை, என் பையின் வார், எல்லாவற்றுக்கும் அதே நூல், அதே நாலு முடிச்சுதான்.

வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் முக்கி முனகி அதிகக் கரண்டை இழுக்கும், காயில் கருகிவிடும். தெருவே கரண்டைத் திட்டித் தீர்க்கும் மாதங்களில் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது.

அதில் மண்ணைப் போட்டவர் என் தங்கை வீட்டுக்காரர். எதிர்வரிசையில் கடை போட்டு, வோல்டேஜ் இறங்கினாலும் ஏறினாலும் மோட்டாரைத் தானே நிறுத்திவிடும் பெட்டியை வீடு வீடாக மாட்டினார். இரண்டே வருடத்தில் மோட்டார் எரிவதே அபூர்வமாகிவிட்டது. தெருவில் எல்லாரும் அவரை நிறுத்தி நிறுத்திப் பேச, இவர் பெஞ்சில் உட்கார்ந்து வயிறெரிந்தார். தகர டப்பா விற்கிறவனுக்கு வந்த மவுசைப் பார் என்பார். எனக்கும் உள்ளே புகைந்தது, பொய் சொல்வானேன். தங்கை புது ஃபிரிட்ஜ் வாங்கிய அன்று எனக்குத் தலைவலி.

ஒருநாள் மூலைவீட்டு டீச்சர் இவரிடம் வந்து, தொட்டி நிறைவதற்குள் பெட்டி மோட்டாரை நிறுத்திவிடுகிறது என்று குறைபட்டார். பெட்டி மாட்டியவரைக் கேளுங்கள் என்று சொல்லவேண்டியதுதானே? இவரே போய்ப் பெட்டியைத் திறந்து, பெட்டி வேலையே செய்யாதபடி உள்ளே வயரோடு வயரை நேராக இணைத்து மூடிவிட்டு, திருகை முடுக்கினேன் என்று மட்டும் டீச்சரிடம் சொல்லி வந்தார். நான்காம் நாள் மோட்டார் எரிந்தது. அன்றைக்கு இவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டப்பாவின் லட்சணம் தெரிந்ததா என்று தெரு முழுக்கச் சொல்லி வந்தார். மூன்று வீட்டில் பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கடையை மூடவேண்டியதுதான் என்று தங்கை வந்து அழுதாள். எல்லாம் தெரிந்தும் நான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் அவள் வீட்டுக்காரர் அந்த மோட்டாரைச் சுமந்துகொண்டு எங்கள் கடைக்கே வந்தார். பெஞ்சில் இறக்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து வைத்தார். இணைத்த இடத்தில் வெள்ளை நூல், நாலு முடிச்சு. வேறு யாராக இருந்தாலும் டேப் சுற்றியிருப்பார்கள்.

"மோட்டார் எரிஞ்சதும் பெட்டிய நான்தான் முதல்ல திறந்தேன் அண்ணே. வேற யாரும் பார்க்கல. பெட்டிதான் கெட்டுப்போச்சுன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க நல்லா கட்டிக் கொடுங்க."

அவர் போன பிறகு இவர் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. இவரும் வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

"இதுலயும் அவனே நல்லவனாயிட்டான், பாத்தியா" என்றார்.

நூல் கட்டிய செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். டீச்சர் வீட்டுக்கு, அப்புறம் அந்த மூன்று வீட்டுக்கும் என்றார்.

"வயர மாத்தினது நான்தான்னு சொல்லப்போறேன். என் தப்ப அவன் சுமந்து, அதுக்கும் பேர் வாங்க வேணாம்."