நான் ஒளித்துவைத்த பிளக்

அண்ணையின் ஆட்டோவை ஓடாமல் செய்தவன் நான்தான். இப்போது அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அது போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். நயினாதீவுக்குப் போகும் சனத்தை வேலணையிலிருந்து குறிகட்டுவான் படகுத்துறைக்கு ஏற்றிப்போவதுதான் அண்ணையின் தொழில். அவருக்குத் தசைகள் வருடா வருடம் தளரும் நோய். கால் பிரேக்கை மிதிக்க வலுவில்லாமல் ஒருநாள் மதகில் முட்டிவிட்டு வந்தார். நான் வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவன். அன்றே ஆட்டோ எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒளித்துவைத்தேன்.

மூன்றாம் நாள் அவர் தடியூன்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்.

“பிளக்கை எடுத்தது நீயெண்டு தெரியும். காலுக்குத்தான் ஏலாது. பிரேக்கைக் கைக்கு மாத்தித் தா.”

“கையும் தளருது அண்ணை. எத்தினை நாளைக்கு?”

“இறுகின நட்டு அசையாட்டி நீ என்ன செய்யிறனீ?”

“ஸ்பனரிலை பைப்பைக் கொழுவி நீட்டுவன். நீளம் கூடினா கொஞ்சப் பலம் காணும்.”

“பிறகென்னடா?”

தினமும் செய்கிற வேலை, அண்ணைக்காக யோசிக்கத் தோன்றவில்லையே! பிளக்கைத் திரும்பப் பூட்டினேன். பிரேக் மிதியோடு ஓர் இரும்புக் கம்பியைப் பற்றவைத்து, அதன் மேல் நீளமான பைப்பைக் கொழுவினேன். வெறும் வளவில் ஒரு கிழமை ஓட்டிப் பழகினார்.

பிறகு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புங்குடுதீவுப் பாலத்தைத் தாண்டிப் பறந்தார். துறையும் கடலும் எதிரே வந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணை பைப்பை இழுத்தார். வண்டி கீறிய கோட்டில் நிற்பதுபோல் நின்றது.

“இறங்குங்கோ ஐயா, துறை வந்திட்டுது” என்றார் என்னிடம்.

அதன்பின் அவர் கை தளரத் தளர நான் பைப்பை நீட்டிக்கொண்டே போனேன். பிளக் அதன் இடத்திலேயே இருந்தது.