பதிலி

பதிலி என்றால் பதில் சொல்லுகிறவர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ராஜபாளையம் ரோட்டில் இருந்த நூல் மில்லில் அப்பா பதிலி. பள்ளிக்கூடத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாத எனக்கு அதில் பெருமைகூட உண்டு. நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால்தான் அவர் இடத்தில் அப்பாவுக்கு அன்றைக்கு வேலை என்று அக்காதான் விளக்கினாள். எல்லாரும் வந்துவிட்டால் மில் கேட்டோடு திரும்ப வேண்டியதுதான்.

அந்த ஐப்பசியில் ஒருத்தரும் லீவு போடவில்லை. புது மிஷின் வருகிறது, ஆளைக் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. இருமிக்கொண்டாவது வந்து நின்றார்களாம். அப்பா கொண்டுபோன தூக்குவாளி தினமும் அப்படியே திரும்பி வந்தது. காலையிலேயே வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் அன்றைக்கும் வேலை இல்லை என்று அர்த்தம்.

சாயங்கால ஜெபத்தில் ஆளுக்கொரு வேண்டுதல் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வேலை கிடைக்கணும் என்று அம்மா தினமும் கேட்பாள். ஒருநாள் என் முறை வந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, “ஆண்டவரே, மில்லுல யாருக்காவது நல்லா காய்ச்சல் வரட்டும்” என்றேன்.

தொடையில் நறுக்கென்று அம்மாவின் கிள்ளு விழுந்தது. “ஏட்டி, இப்பிடியா ஜெபம் பண்ணுவாவ?”

அம்மா கேட்டதைத்தான் நானும் கேட்டேன், கொஞ்சம் விவரமாக.

அந்த வாரமே ஒருநாள் காலையில் சைக்கிள் திரும்பி வரவில்லை. பொழுது சாயும்போது தலையெல்லாம் பஞ்சோடு அப்பா வந்தார்.

“ஸ்தோத்திரம்! யாரு வரலயாம்?” என்றாள் அம்மா.

“எங்க அண்ணந்தான். மஞ்சக்காமாலை. அண்ணன் எந்திரிச்சு வார வரைக்கும் அந்த எடத்துல என்னைய நிக்கச் சொல்லுதாவ.”

அப்பாவை அந்த மில்லில் சேர்த்துவிட்டதே பெரியப்பாதான். நான் கேட்டது காய்ச்சல், காமாலை என் கணக்கில் வராது என்று தேற்றிக்கொண்டேன்.

அன்றைக்கு ஜெபத்தை அப்பா தொடங்கினார். “ஆண்டவரே, எங்க அண்ணன் சீக்கிரமா…” அதோடு நின்றுவிட்டார். அம்மாவும் எடுத்துக்கொடுக்கவில்லை. அடுத்த வார்த்தை மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, “சுகமாகணும்” என்று நானே சத்தமாகச் சொன்னேன். அதை அப்பா திருப்பிச் சொல்ல ரொம்ப நேரம் ஆயிற்று.