கல் பிரபுவுக்கு ஒரு செபமாலை

அம்மாவுக்கு எந்தப் பயணமும் ஊரில் மடு மாதா கோயிலுக்கு யாத்திரை போகிற மாதிரித்தான். லண்டனிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி ஒரு பழைய பிரபு மாளிகையைப் பார்க்கப் போன அன்றும் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார்.

மாளிகையில் யாரும் உட்காரக்கூடாது என்று ஒவ்வொரு கதிரையிலும் ஒரு முள்ளுப்பூவை வைத்திருந்தார்கள்.

"அம்மா, மாமா வாற நேரம் எங்கட சோபாவிலயும் ரெண்டு வைப்பம்."

"வாயைப் பொத்தடா."

தோட்டத்து மூலையில் சின்னதாக ஒரு தேவாலயம். அம்மா வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே ஒரு கல்லறையின் மேல், கவசம் போட்ட கல் பிரபு ஒருவர் கைகூப்பியபடி மல்லாந்து கிடந்தார். காலடியில் ஒரு கல் நாய்.

"ஆரடா இவர்?"

"புனிதர் அம்மா. கேட்டதெல்லாம் தருவாராம். நாய்க்கடிக்கு இன்னும் விசேஷம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப்போய், கல் பாதத்தைத் தொட்டு முத்தமிட்டு, முழங்காலில் நின்று அழத் தொடங்கினார். அக்காவுக்கு அப்போது ஆறாம் மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை.

கோயிலைப் பார்த்துக்கொள்கிற வெள்ளைக்காரக் கிழவி ஓடி வந்தார். "கயிற்றுக்கு வெளியே வரச் சொல்லுங்கள். அவர் புனிதரே இல்லை. இந்தத் தோட்டம் போடுவதற்காக ஒரு கிராமத்தையே இடித்த மனிதர்."

நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். "அம்மா கதைத்து முடிக்கட்டும்."

"செருப்பையாவது போடச் சொல்லுங்கள்."

"கோயிலுக்குள் சப்பாத்தோடு நிற்கிறது நீங்கள்தான்."

"என்னவாம் அவ?" என்றார் அம்மா.

இனி மறைக்க ஏலாது. "நான் சும்மா பகிடிக்குச் சொன்னனான் அம்மா. இவர் புனிதரில்லை. ஊரை இடிச்சுச் சனத்தைக் கலைச்ச ஆளாம்."

சண்டையில் இரண்டு தரம் ஊரை விட்டு ஓடிவந்த அம்மா அந்தக் கல் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப பாவம் தீருமட்டும் இன்னும் உத்தரிக்கிற ஸ்தலத்திலதான் கிடப்பார். இவ்வளவு காலமும் ஒருத்தரும் இவருக்குச் செபிச்சிருக்க மாட்டினம். நான் செபிக்கிறன். மோட்சத்துக்குப் போய் அவர் என்ர பிள்ளைக்காக ஆண்டவரிட்டக் கேக்கட்டும். செபமாலையில அம்பத்துமூண்டு மணியும் முடிச்சுத்தான் எழும்புவன் எண்டு அவவிட்டச் சொல்லு."

ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எவ்வளவு நேரம்?" கிழவி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இருபது நிமிடம். குழப்பினால் முதலிலிருந்து."

கிழவி கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். நான் கயிற்றைத் தாண்டி அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். பாதிச் செபம் மறந்துபோயிருந்தது. உதட்டை மட்டும் அசைத்தேன். அம்மா முழங்கையால் விலாவில் ஒன்று இடித்தார்.

"சத்தமாச் சொல்லடா. அக்காவுக்கு."