ஈயத்தாள் ஒட்டிய சுவர்

புதிதாக ஓர் இடத்தில் படுக்க நேர்ந்தால் நான் முதலில் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். கடை வாசல், லொறிக் கொட்டகை, ஆஸ்பத்திரி வராந்தா என்று எங்கெங்கோ படுத்தாகிவிட்டது. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. நானுஓயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம் அது.

குடும்பத்துக்கு ஓர் அறை. எங்களுடையது கடைசிக் காம்பரா. பின்சுவரை ஒட்டியே மலை நின்றது. மழைக்காலம் தொடங்கினால் அந்தச் சுவர் வியர்க்கும். அம்மாவும் அக்காவும் கொழுந்தெடுத்துவிட்டு நனைந்த கம்பளியோடு வருவார்கள். மறுநாள் வேலைக்குள் அது காய வேண்டும். அடுப்புக்கு மேலே கயிற்றில் போட்டு, குளிர் வராமல் கதவைச் சாத்தி, சன்னல் இடுக்கில் சாக்கை அடைத்துக்கொண்டு எல்லோரும் முடங்குவோம். விடியும்போது சுவரில் நீர்க்கோடுகள் இறங்கியிருக்கும். சுண்ணாம்பு உப்பி உதிர்ந்த இடத்தில் கறுப்பாய்ப் பூஞ்சணம் படரும். அதை ஒட்டிப் படுப்பவள் அக்கா. அவளுக்கு இருமல் இருந்தது.

மலைத் தண்ணீர்தான் உள்ளே வருகிறது என்று அப்பா பின்னால் அது வடிந்தோடக் கான் வெட்டினார். கானில் தண்ணீர் ஓடியது. சுவரும் நனைந்தது.

அந்த வருஷம் பூண்டுலோயாப் பக்கமிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இருமல் பிள்ளை என்று ஏற்கெனவே ஓர் இடம் தட்டிப்போயிருந்தது. அந்தக் கறுப்புச் சுவரைப் பார்க்கப் பார்க்க அம்மாவுக்குப் பயம். அவளுடைய அண்ணன், எங்கள் மாமா, ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவர். பெட்டிக்கு உள்ளே போடும் ஈயத்தாளில் கிழிந்து ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி, சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

“இதுக்குள்ள வச்ச தூளு கடல் தாண்டிப் போயும் நமத்துப் போறதில்ல. ஒஞ் செவுரு எம்மாத்திரம் தங்கச்சி?”

கோதுமை மாவில் பசை காய்ச்சி, பூஞ்சணம் தெரியாமல் சுவர் முழுக்க ஒட்டினார். விளக்கேற்றியதும் காம்பரா வெள்ளியாய் மின்னியது. லயத்துப் பிள்ளைகள் வந்து முகம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“மச்சான், தொரைக்குத் தெரிஞ்சா பங்களாவ நமக்குக் குடுத்துட்டு இங்க குடிவந்துருவாரு” என்றார் அப்பா.

அவர்கள் வந்த அன்று நல்ல மழை. மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் நடுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களைக் குளிரில் உட்காரவைக்க முடியுமா? அவர்களுடைய கம்பளிகளை வாங்கி அடுப்புக்கு மேலே போட்டோம். விறகைத் தள்ளி நெருப்பைப் பெரிதாக்கினோம். அப்பா கதவைச் சாத்தி அடியில் சாக்கும் வைத்தார். தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. எங்களால் முடிந்த மரியாதை முழுவதும் அந்தச் சின்னக் காம்பராவுக்குள் ஆவியாய் நிறைந்தது.

ஈயத்தாளில் முதலில் புள்ளி புள்ளியாய் நீர் பூத்தது. பிறகு ஓடத் தொடங்கியது. பெரியவர்கள் பார்க்காததுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவரில் சாய்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, முதுகில் ஈரம் ஏறவும் நெளிந்தார்.

“இறம்பொடைக்குப் போவாமலே அருவி பாத்துட்டீங்க” என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். தேத்தண்ணி கொண்டுவந்த அக்காவும் சிரித்தாள். அதுவரை அடக்கிவைத்திருந்த இருமல் அந்தச் சிரிப்போடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, கோப்பைகளை வாங்கி வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“எந்தப் பக்கம் தாயி படுப்ப?”

அக்கா சுவரோரத்தைக் காட்டினாள். அந்த அம்மா ஈயத்தாளில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுச் செவுரும் இப்பிடித்தான் தாயி.”

அதற்குப் பிறகு மழையைப் பற்றியும் கொழுந்தைப் பற்றியும் பேசினார்கள். பாதி காய்ந்த கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார்கள்.

பிற்பாடு கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சோற்றுப்பானை முன்னால் நின்ற காலத்தில், மூடியைத் தூக்கும்போதெல்லாம் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துத்தான் எங்கள் சுவர் எனக்குப் புரிந்தது. மலை விட்ட தண்ணீர் கொஞ்சம். கம்பளியிலிருந்தும் அடுப்பிலிருந்தும் மூச்சிலிருந்தும் நாங்கள் விட்டதுதான் மிச்சம். சன்னலை ஒரு சாண் திறந்து வைத்திருக்கலாம். குளிருக்குப் பயந்த எங்களுக்கு அது தோன்றவில்லை. அந்த அம்மாவும் மறுத்தது அக்காவை அல்ல. இருமுகிற பிள்ளையை இன்னோர் ஈரச் சுவரோரம் கொண்டுபோய்ப் படுக்கவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அக்கா மேலும் சில மழைக்காலங்கள் எங்கள் சுவரோரத்திலேயே படுத்தாள்.

அன்று அவர்கள் வளைவைத் தாண்டியதும் அக்கா தாளை உரிக்கத் தொடங்கினாள். தாளுக்குப் பின்னால் சுவர் முன்னைவிடக் கறுத்திருந்தது. எனக்கோ சந்தோஷம். அவர்கள் வீடும் எங்கள் வீடு மாதிரிதான் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டாளே, இனி என்ன தடை? அக்கா உரித்துப்போட்ட தாள்களை ஒவ்வொன்றாய்த் துடைத்து, மடித்து, டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன், கல்யாணப் பந்தலில் ஒட்டலாம் என்று.