சூரியனை மறைத்த பேனர்

பிள்ளைகளே, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு படம் போட்டிருப்பார்கள். அணைக்கட்டு, காற்றாடி, புகைபோக்கி, சூரியத் தகடு எல்லாம் ஒரே வரிசையில் சண்டை சச்சரவு இல்லாமல் நிற்கும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் என் மகள் கேட்டாள்: "அப்பா, நெலக்கரி கப்பல்ல வருதாம். கப்பல் வரலன்னா நாம என்னாப்பா செய்வோம்?"

நான் ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பள்ளிக்கூடத்தோடு, படிப்பை நிறுத்தியவன். ஜுரு என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அடுத்தவன் மண்ணில் தோண்டியதைக் காசு கொடுத்து வாங்கித்தான் இங்கே நிறைய விளக்கு எரிகிறது. அவன் தரமாட்டேன் என்றால், விலையை ஏற்றினால், நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். மொட்டை மாடியில் வெயில் சும்மா கிடக்கிறதே என்றாள்.

அவளுக்கு ஆஸ்துமா. போன வருடத் தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயில் சாலையில் எங்கள் ஜெலுத்தோங் வட்டார ஆட்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தவள், ஜெனரேட்டர் புகையில் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டாள். முதலுதவிக் கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆனாலும் பந்தலில் நின்று தண்ணீர் கொடுப்பது அவளுடைய வேண்டுதல். அதை விடமாட்டேன் என்றாள். அப்படியானால் புகையைத்தான் விட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஜுருவில் தொழிற்சாலைக் கூரைகளில் சோலார் பொருத்தும் நண்பர் ஒருவர் இருக்கிறார். இரண்டு நாளைக்குத் தகடுகளும் பேட்டரியும் இரவல் தருகிறேன் என்றார். பந்தல் தலைவரிடம் மாதக்கணக்கில் பேசினேன். அவர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், எங்கள் வட்டாரத்தில் பெரிய கை. "சரி தம்பி, பாத்துருவோம்லா," என்றார் கடைசியில்.

இந்த வருடப் பூசத்தன்று காலையில் நண்பர் பந்தலின் தகரக் கூரைமேல் தகடுகளை ஏற்றினார். உடனே எங்கள் ஆட்கள் புதுக் கார் வாங்கியதுபோல ஒவ்வொரு தகட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் சாத்திவிட்டார்கள். நண்பர் தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்தார். "மெசினுக்குப் பொட்டு வச்சா மூஞ்சில வைங்க, கண்ணுல வைக்காதீங்க," என்றார். எல்லாரும் சிரித்தோம். அதன்பிறகு அவர் தன் குடும்பக் காவடியோடு மலைக்குப் போய்விட்டார்.

காலை முழுக்க ஒரு குறையும் இல்லை. ஐஸ் பெட்டி ஓடியது, மின்விசிறிகள் ஓடின, பாட்டு ஓடியது. ஜெனரேட்டர் சத்தமே இல்லாத பந்தல் எங்களுடையது ஒன்றுதான். மகள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் இது வெயில் கொடுத்த மோர் என்று சொல்லிக் கொடுத்தாள்.

மதியத்துக்குமேல் ஒரு பெரிய மனிதர் அந்த வழியாக வருகிறார் என்று தகவல் வந்தது. தலைவர் எங்கள் பேனரைப் பார்த்தார். அதில் அவர் படமும் அந்தப் பெரிய மனிதரின் படமும் பக்கத்தில் பக்கத்தில் கைகூப்பி நிற்கும். முருகன் ஓரத்தில் சின்னதாக இருப்பார். பக்கத்துப் பந்தல் பேனர் எங்களுடையதைவிட உயரம். அது போதாதா? மூங்கிலைக் கட்டி, பேனரைக் கூரைமேல் மேற்குப் பக்கமாக ஏற்றச் சொன்னார். ஏற்றிவிட்டார்கள்.

வெயில் மேற்கே சாயச் சாய, முதலில் விசிறி தளர்ந்தது. பிறகு பேட்டரியில் இருந்ததும் தீர்ந்து ஐஸ் பெட்டி நின்றது. நண்பருக்குப் போன் போட்டேன். நிழல் விழுகிறதா பார் என்றார். ஒரு ஓரத்தில் விழுந்தாலும் தகடு படுத்துவிடுமாம். ஏணியில் ஏறிப் பார்த்தேன். பேனரில் கைகூப்பி நின்ற இரண்டு பேரின் நிழலும் தகடுகள்மேல் அப்படியே படிந்து கிடந்தது.

இறங்கிவந்து, பேனரைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், அல்லது கிழக்குப் பக்கமாவது மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். தலைவர் என்னைப் பார்க்கவே இல்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவரு வர்ற நேரத்துல அவரு மொகத்த எறக்கச் சொல்றியா? நான் அப்பவே சொன்னேன், வெயில நம்பிப் பந்தல் போட முடியாதுன்னு."

அவர் அப்படி ஒருபோதும் சொன்னதில்லை. இப்போது எல்லாரும் அதையே சொன்னார்கள். சோலார் நம்ம ஊருக்கு ஒத்துவராதாம். அது வெள்ளைக்காரன் ஊருக்குத்தானாம். தலைக்குமேல் வெயில் கொளுத்துகிறது, எல்லார் சட்டையும் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது, வெயில் போதவில்லை என்கிறார்கள். கோபம் வருமா, வராதா?

தலைவரின் வேனிலிருந்து ஜெனரேட்டர் இறங்கியது. காலையிலிருந்தே அது உள்ளேதான் இருந்திருக்கிறது. அதைப் பந்தலுக்குப் பின்னால் வைத்துப் புகைக்குழாயை வெளிப்பக்கம் திருப்பினார்கள். தண்ணீர்மலைச் சாலையில் எல்லாப் பந்தலிலும் இதுதான் வழக்கம். நம் புகை நம்மேல் அடிக்கக்கூடாது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் பால்குடம் எடுத்து இறங்கிவந்த பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் அவர்களுக்குத்தான் மோர் கொண்டுபோயிருந்தாள்.

யாரோ கூப்பிட்டு நான் ஓடியபோது அவள் ஒரு அக்காவின் மடியில் சாய்ந்திருந்தாள். தோள்பட்டை ஏறி இறங்கியது. மருந்தை உறிஞ்ச வைத்தேன். மூச்சு திரும்பவில்லை. ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தேன். பாட்டு நின்றது. உள்ளிருந்து தலைவர் சத்தம் போட்டார், அவர் வர்ற நேரத்தில் எவன்டா ஆஃப் பண்ணினது என்று. மகளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கிச் சாலைக்கு இறங்கினேன். என் முதுகுக்குப் பின்னால் அது மறுபடி உறுமியது.

காற்றாடுகிற இடத்தில் உட்கார்ந்த பிறகு மெல்ல மெல்லத் தேறினாள். முதலில் கேட்டது, "மோர் கொட்டிருச்சாப்பா?" என்றுதான்.

பிள்ளைகளே, எனக்குப் படிப்புக் குறைவு. எந்த மின்சாரத்துக்கு எவ்வளவு செலவு, மழை நாளில் என்ன செய்வது, இரவுக்கு எதைச் சேர்த்துவைப்பது என்பதெல்லாம் எனக்கு முழுதாகத் தெரியாது. வெயில் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவரவில்லை. ஆனால் அன்று அதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தோமா? அதன்மேல் துணியைப் போர்த்திவிட்டு, ஆகாது என்று தீர்ப்புச் சொன்னோம். நாட்டிலும் இப்படி நடக்காது என்று யார் உத்தரவாதம் தருவது? புகைபோக்கிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவனைக் கேட்டுவிட்டா முடிவெடுக்கிறார்கள்? குளுகுளு அறையில் உட்கார்ந்து முடிவெடுக்கிறவர் மூக்கில் அந்தப் புகை ஏறுவதே இல்லை.

பூசம் முடிந்து பந்தல் குழுக் கூட்டம் நடந்தது. சொந்தமாகப் பெரிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கலாம் என்றார் தலைவர். கைகள் வரிசையாக உயர்ந்தன. நான் எழுந்தேன். வாங்குங்கள், ஆனால் புகைக்குழாய் நம் பந்தலைப் பார்த்து இருக்கட்டும், தலைவர் நாற்காலி போடுகிற பக்கமாக என்றேன்.

பொருளாளர் முந்திக்கொண்டார். "என்னாண்ணே பேசுறீங்க? பொக அடிச்சா மனுசன் எப்படி அங்க நிப்பான்?"

"எம் மவ நின்னாளே," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உயர்ந்த கைகளில் இரண்டு மூன்று இறங்கின. ஆனால் பெரும்பான்மை இறங்கவில்லை. ஜெனரேட்டர் வந்துவிட்டது.

வரும் பூசத்துக்கும் பந்தலில் நிற்பேன் என்கிறாள் மகள். வேண்டுதல் அவளுடையது, நான் தடுக்க முடியாது. அந்தச் சாலையில் அவளை எங்கே நிறுத்துவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.