சோடா ஆஷ் வழக்கில் அண்ணன் பேசியது

பணக்காரக் கம்பெனிகள் அழுவதற்கு டெல்லியில் ஆள் வைத்திருக்கின்றன. அந்த ஆட்களில் நானும் ஒருத்தி. வெளிநாட்டுக்காரன் தன் ஊரில் விற்பதைவிட மலிவாகச் சரக்கை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறான், அதனால் எங்களுக்குக் காயம் பட்டுவிட்டது என்று ஒரு கம்பெனி நிரூபித்தால், அரசாங்கம் அந்தச் சரக்கின்மேல் கூடுதல் வரி போடும். காயம் என்பது சட்டமே வைத்த பெயர். மனுவில் அந்த அத்தியாயத்தை எழுதுவதுதான் பன்னிரண்டு வருஷமாக என் பிழைப்பு.

வரைவைப் படித்துவிட்டு என் பாஸ் உதட்டைப் பிதுக்குவார். "மேடம், இஸ்மே தர்த் நஹீ ஹை." இதில் வலியே இல்லையாம். நானும் உட்கார்ந்து வலியைக் கூட்டுவேன். வலி எவ்வளவு என்பது மட்டும் ரகசியம். எதிர்த்தரப்புக்குக் கொடுக்கிற பிரதியில் எண் வரும் இடமெல்லாம் மூன்று நட்சத்திரம் போட்டுவிடுவோம். நஷ்டமும் நட்சத்திரம், உற்பத்தியும் நட்சத்திரம். வாசலில் புள்ளி வைத்துவிட்டுக் கோலத்தை மறந்துபோன மாதிரி இருக்கும் அந்தப் பக்கங்கள்.

சோடா ஆஷ் வழக்கும் அப்படித்தான் என் மேஜைக்கு வந்தது. கண்ணாடிக்கும் துணி துவைக்கிற தூளுக்கும் அந்த வெள்ளைப் பொடி இல்லாமல் முடியாது. பாஸுக்குச் சரித்திரப் பைத்தியம் உண்டு. இரண்டு உலக யுத்தங்களுக்கு நடுவே பெரிய ரசாயனக் கம்பெனிகள் உட்கார்ந்து பேசி, அந்த நாடு உனக்கு, இந்த நாடு எனக்கு என்று உலகத்தையே பாகம் பிரித்துக்கொண்டனவாம். நடுவில் எவனாவது புதிதாக நுழைந்தால், அவன் ஓடுகிற வரைக்கும் விலையை இறக்கி அடிப்பார்களாம். அந்த நாகரிகமெல்லாம் போய்விட்டது என்று பெருமூச்சு விடுவார். இப்போது பாவம், மனு போட வேண்டியிருக்கிறது.

சரக்கை வாங்குகிறவர்களும் வந்து ஆட்சேபம் சொல்லலாம். அப்படிச் சொல்ல ரயிலேறி வந்தவர் என் பெரியம்மா மகன். கோவில்பட்டிப் பக்கம் சலவைத் தூள் தயாரிக்கிறார். தகரக் கொட்டகைதான், ஆனால் அவரும் அதைக் கம்பெனி என்றுதான் சொல்லுவார். பதினோரு பெண்கள் பாக்கெட் போடுகிறார்கள். வெளிநாட்டுச் சோடா ஆஷ் விலை ஏறினால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

டெல்லி துவாரகாவில் எங்கள் ஃப்ளாட்டில் தங்கினார். காபி கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். "அண்ணே, நான் எதிர்க்கட்சி. வீட்டுல கேஸ் பேச்சு வேண்டாம்."

"நான் ஏன்ட்டி பேசப்போறேன்? உன் சோத்தத் தின்னுட்டு உன்கிட்டயே வேவு பாக்கவா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் விசாரணைக்கு ஒரே மெட்ரோவில் போனோம். கட்டடம் வந்ததும் அவரை முன்னே அனுப்பிவிட்டு, யாரோ மாதிரி பின்னால் போனேன். நாங்கள் மனு எழுதிக் கொடுத்த சோடா ஆஷ் கம்பெனியின் அதிகாரி காயத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட நான் குறித்துக் கொடுத்திருந்தேன். நடுவில் சமோசா வந்தது. காயம்பட்டவர் மூன்று சாப்பிட்டார்.

கடைசியில் அண்ணன் எழுந்தார். பையிலிருந்து ஒரு தூள் பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தார். பாதி இங்கிலீஷ், மீதி லாரிக்காரர்களிடம் கற்ற இந்தி. வரி போட்டால் காயம் யாருக்கு என்று என் கம்பெனிக்கு வந்து பாருங்கள், அங்கே நட்சத்திரம் கிடையாது, கேட்கிற எண்ணையெல்லாம் காட்டுகிறேன் என்றார். அந்தப் பதினோரு பேரின் பெயரையும் மனப்பாடமாகச் சொன்னார். விசாரணை அதிகாரி "அச்சா, அச்சா" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த அறையில் நான் கேட்ட நிஜ வலி அது ஒன்றுதான்.

பாஸ் பதறவே இல்லை. "அச்சா போலா," என்றார் என் பக்கம் குனிந்து. "லிக்கேகா க்யா?" நன்றாகத்தான் பேசினான், எழுதுவானா?

அதுதான் அங்கே விதி. பேசியதை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பேசவே இல்லை என்று அர்த்தம். விசாரணை அதிகாரி முடிவில் இதை இங்கிலீஷில் கடகடவென்று வாசித்தார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு கண்ணாடிக் கம்பெனிக்காரர் அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தோசைக்கு உட்கார்ந்ததும், "அந்த ஐயா ஒண்ணு விடாம எழுதிக்கிட்டாரு, பாத்தியாட்டி?" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரி சரி, கேஸ் பேச்சு கூடாதுல்லா" என்று சட்டினிக்குக் கையை நீட்டினார்.

எழுதிக் கொடுத்துடுண்ணே. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரைக்கும் வந்தது. கேஸ் பேச்சு வேண்டாம்னா வேண்டாம்தானே என்று சட்டினி ஊற்றினேன். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பயமெல்லாம் இல்லை. நான் எழுதிய அத்தியாயம் ஜெயிக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அவர் எழுதிக் கொடுத்தால் எங்களுக்கும் ஒரு பிரதி வரும். ஏழு நாளும் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எட்டாம் நாள் எங்கள் கடைசி வாதத்தில் ஒரு வரி சேர்த்தேன்: சோடா ஆஷ் வாங்கும் சிறு தயாரிப்பாளர் எவரும் எழுத்துபூர்வமாக ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. பாஸ் அதைப் படித்துவிட்டு எனக்கு டீ வரவழைத்தார்.

வெளிநாட்டுச் சரக்கின்மேல் வரி வந்தது. விசாரணை அதிகாரியின் அறிக்கையில் நான் சேர்த்த வரி ஒரு சொல்கூட மாறாமல் இருந்தது. அந்த வாரமே அண்ணன் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏட்டி, அறிக்கைய பிரிண்ட் எடுத்து ரெண்டு தடவ பொரட்டிட்டேன். நான் பேசினது எங்க இருக்குன்னே தெரியல. எந்தப் பக்கம்னு பாத்துச் சொல்லேன். கொட்டகையப் பூட்டுறதுக்கு முந்தி பாக்கெட் போடுத பிள்ளைகளுக்குக் காட்டணும், உங்களுக்காகப் போய்ப் பேசுனேன்னு."

"பாத்துச் சொல்லுதேண்ணே," என்றேன்.