உடையாத சப்போர்ட்

இன்று மதியம் ஹெப்பகோடி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் செல்வம். இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகிறார். மடியில் போன், அதில் பங்கு விலை. டிக்கெட்டின் பின்பக்கம் கணக்கு.

"உச்ச விலை, அடி விலை, முடிஞ்ச விலை. கூட்டி மூணால வகுத்தா பிவட். அதுக்குக் கீழ சப்போர்ட். பங்கு அங்க வந்தா திரும்பிடும் சார்."

"திரும்பலைன்னா?"

"சப்போர்ட் உடைஞ்சிடுச்சுன்னு அர்த்தம், உடனே வித்துடணும். வீட்ல சத்தியம் பண்ணியிருக்கேன். இதுல போட்டிருக்கிறது பொண்ணு காலேஜ் ஃபீஸு."

விலை இறங்கியது. மறுபடி கணக்குப் போட்டு, சப்போர்ட் கோட்டைக் கீழே இறக்கினார். பொம்மனஹள்ளி தாண்டுவதற்குள் மூன்றாவது கோடு.

"அண்ணா, நேத்து விலையை வச்சுத்தானே இதைப் போடணும்? இன்னைக்கு விலையைப் போட்டா, விலையோட கோடும் இறங்குமே."

"நேத்து விலை பழசு சார். நான் ஃப்ரெஷ்ஷா போடுறேன்."

மனைவி அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னா, உடைஞ்சிச்சா?"

"இல்லம்மா. சும்மா பயப்படாத. வேணும்னா பக்கத்துல படிச்ச தம்பி இருக்காரு, கேளு."

போன் என் கைக்கு வந்தது.

"நேத்து விலைப்படி பார்த்தா காலையிலேயே உடைஞ்சிடுச்சுங்க" என்றேன்.

அவர் மனைவி என்னிடமே சொன்னார்.

"வித்துடு தம்பி. அவரு விக்க மாட்டாரு."

செல்வத்தைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

விற்கும் பட்டனை அழுத்திவிட்டேன்.

அதன் பிறகு விலை ஏறியதா என்று யாரும் பார்த்துச் சொல்ல வேண்டாம். நாளைக்கும் எனக்கும் செல்வத்துக்கும் அதே பஸ்தான்.